உப்பாத ரொட்டி

பர்ன்லி மருத்துவமனையில்
துக்கத்தை அளக்க ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்.
மூன்றாம் கேள்வி:
கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள்
நீங்கள் ஸேட் ஆக இருந்தீர்கள்?

எனிட் ஆர்மராட் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி
விரல்விட்டு எண்ணினாள்.
திங்கள் நன்றாக வந்தது.
செவ்வாய், ஈஸ்ட் பழசு.
வியாழன் தட்டு தட்டாகப் போச்சு,
அடுப்புக் கதவை எவனோ பாதியில் திறந்துவிட்டான்.
சனிக்கிழமை மழை, மாவு எழும்பவே இல்லை.
மூன்று, என்று எழுதினாள்.
பக்கத்தில் சின்னதாக:
வியாழன் மட்டும் முப்பத்தாறு.

நர்ஸ் ருக்சானா அதை இரண்டு தரம் படித்தாள்.
"ஒரே நாளில் முப்பத்தாறு முறையா?"
"முப்பத்தாறு ரொட்டி, கண்ணு."

லங்காஷயரில் அப்படித்தான்.
உப்பாத ரொட்டி ஸேட்.
கண்ணறை இல்லாமல் இறுகி, அடி கனத்து
கத்திக்கு வழிவிடாத ரொட்டி ஸேட்.
அதற்காக யாரும் அழுவதில்லை.
வெண்ணெய் தடவித் தின்றுவிடுவார்கள்.

அந்தச் சொல்லைத் தோண்டிக்கொண்டே போனால்
ஆயிரம் ஆண்டுக்குக் கீழே
ஒரு விருந்து நடக்கிறது.
நீள பெஞ்சு, புகை, தாடிகளில் கொழுப்பு.
ஒருத்தி இன்னொரு துண்டு நீட்டுகிறாள்.
ஒருவன் தட்டின்மேல் கையைக் குறுக்கே வைத்து
அந்தச் சொல்லைச் சொல்கிறான்,
இன்றைய உச்சரிப்பில் அல்ல, ஆனால் அதையேதான்:
போதும். தெவிட்டிவிட்டது. இனி இறங்காது.

அவ்வளவுதான் அதன் பிறப்பு.
ஓர் ஏப்பம்.

பிறகு அது எங்கே அழக் கற்றுக்கொண்டது?

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு.
நிறைந்தது கனத்தது.
கனத்தது அசையவில்லை.
அசையாதவனை நிலையானவன் என்றார்கள்;
ஒரு காலத்தில் ஸேட் என்று பெயரெடுத்தவனை
நம்பிச் சாட்சிக்கு அழைக்கலாம், கடன் தரலாம்.
நிலையானவன் லேசில் சிரிக்கமாட்டான்.
அந்தச் சிரிக்காத முகத்தை
யாரோ ஒருநாள் துக்கம் என்று படித்துவிட்டார்கள்.
திருத்துவதற்கு ஆளில்லை.

வழியில் சிந்தியவை சில:
சாயத்தொட்டியில் இருண்ட பழுப்பு, ஸேட்.
சலவைக்காரிகளின் மணிக்கட்டை இற்றுப்போகவைத்த
இஸ்திரிப் பெட்டி, ஸேட்.
எனிட்டின் தங்கை மகன் ரீஸ்
பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனின் ஷூவைப் பார்த்து
உதட்டோரம் துப்புகிற ஸேட் வேறு ரகம்.
அதில் இரக்கம் ஒரு சிட்டிகை கூடக் கிடையாது.

ருக்சானா பேனாவை மூடினாள்.
"ரொட்டி இல்லை, எனிட். நீங்கள்.
க்ளெமென்ட் போய் ஏழு வாரமாகிறது."

எனிட் ஜன்னலைப் பார்த்தாள்.
ஆள் போன வீடு காலி என்று எல்லாரும் சொன்னார்கள்.
எது காலி?
அவன் பூட்ஸ் கதவை முழுதாகத் திறக்கவிடுவதில்லை.
அவன் மழைக்கோட்டு பாதிச் சுவரை எடுத்துக்கொள்கிறது.
அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த இறைச்சி பைகளால்
ஃப்ரீசர் மூடமாட்டேன் என்கிறது.
நாற்பத்தொரு வருடம் தொண்டைவரை நிற்கிறது.
இதற்குமேல் ஆறுதல் என்று யாராவது நீட்டினால்
எங்கே வைப்பாள்?

"எத்தனை நாள் என்று போடட்டும்?"

எனிட் படிவத்தின்மேல்
கையைக் குறுக்கே வைத்தாள்.
"போதும், கண்ணு."

திரும்பும் வழியில் கால்வாய்.
சனிக்கிழமை ரொட்டி ஒன்று பையில் இருந்தது.
பிய்க்க வரவில்லை, முழுசாகவே எறிந்தாள்.
அது மிதக்கவில்லை.
ஒரு வாத்து மட்டும்
தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை வானத்துக்குக் காட்டி
அதைத் தேடிப் போனது.